யாரோட சேர முடியாதுங்கறதும் பங்க மாத்தும்

சேர்ந்து சம்பாதிச்சத எப்படி பிரிச்சுக்கறதுங்கறதுதான் கூட்டுறவு கேம் தியரியோட, அதாவது கூட்டு சேர்றவங்களோட முடிவுகள கணக்கா ஆராயற துறையோட, முக்கியமான கேள்வி. இதுல வழக்கமா யாரு வேணா யாரோட வேணா கூட்டு சேரலாம்னு வச்சுக்கிட்டுதான் ஆரம்பிப்பாங்க, ஆனா பேச்சுவார்த்தையே இல்லாத ரெண்டு பேரு எப்படி கூட்டு சேருவாங்க, நடுவுல ஒருத்தர் வேணும்ல.

ஏ, பி, சின்னு மூணு பேரு. தனியா நின்னா ஒண்ணும் கிடையாது, எந்த ரெண்டு பேரு சேந்தாலும் 60 பாயின்ட், மூணு பேரும் சேந்தா 72. தடை எதுவும் இல்லன்னா ஆளுக்கு 24னு பிரிக்கத் தோணும். ஆனா அது நிக்காது, ஏன்னா ரெண்டு பேருக்கு இங்க 48, கழண்டு போனா 60. எல்லா ஜோடியையும் 60 குடுத்து திருப்திப்படுத்தணும்னா மூணு ஜோடிக்கு 180, ஒவ்வொருத்தரும் ரெண்டு ஜோடியில வர்றதால அதுல பாதி, மொத்தம் 90 வேணும், கையில இருக்கறது 72தான். யாரும் பிரிஞ்சு போகத் தேவையில்லாத பங்கீடுகளுக்கு கோர்னு பேரு, இங்க கோர் காலி.

இப்ப ஏ-வுக்கும் சி-க்கும் நேரடி தொடர்பு இல்ல, எதுவா இருந்தாலும் பி வழியாத்தான்னு வைங்க. ஏ-சி ஜோடி உருவாகவே முடியாது. உடனே ஏ-வுக்கு 12, பி-க்கு 48, சி-க்கு 12ங்கற பங்கீடு நிக்குது, ஏ-பிக்கும் பி-சிக்கும் 60 கிடைச்சுடுதே! கூட்டணி வாய்ப்பு குறைஞ்சதால நிலைப்பு வந்துடுச்சு, எனக்கு இந்தத் துறையிலயே ரொம்பப் பிடிச்ச விஷயம் இதுதான்.

சரி, நியாயமான பங்கு எது? ஆளுங்க ஒவ்வொருத்தரா உள்ள வர்ற எல்லா வரிசையையும் எடுத்து, வரும்போது அவங்களால எவ்ளோ கூடுதுன்னு பாத்து சராசரி எடுன்னு 1953-ல கணித அறிஞர் லாயிட் ஷாப்லி சொன்னாரு. 1977-ல பொருளாதார அறிஞர் ராஜர் மயர்சன் அதையே தொடர்பு வலைக்குள்ள வச்சுப் போட்டாரு. ஏ வந்தாச்சு, சி வந்தாச்சு, இன்னும் பூஜ்யம்தான், பி வந்ததும் 72-ம் அவரு கணக்குல. இப்படி 6 வரிசையையும் போட்டா ஏ-வுக்கு 14, பி-க்கு 44, சி-க்கு 14. இப்ப ஏ-பி இணைப்ப வெட்டிப் பாருங்க, பி-யும் சி-யும் 60-ஐ ஆளுக்கு 30னு பிரிச்சுக்குவாங்க, ஏ-வுக்கு பூஜ்யம். ஏ இழந்தது 14, பி இழந்ததும் 14. எந்த இணைப்பு அறுந்தாலும் அதோட ரெண்டு முனைக்கும் சமமான நஷ்டம், மயர்சன் நியாயம்னு சொன்னது இதைத்தான்.

ஆனா 14-ம் 44-ம் சேந்தா 58தான வருது, அதனால பி ஏ-வக் கூப்பிட்டு சி இல்லாமலே 60 எடுத்துக்கலாம்னு சொல்ல முடியும், அதாவது நியாயமான இந்தப் பங்கு கோருக்கு வெளியதான் இருக்கு.