மூன்றாவது பேட்டரியோடு வந்த பிக்கப்

போன வாரம் ரங்கூனுக்கு ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் தன்லினிலிருந்து ஓர் உளுந்து வியாபாரி, வண்டி எலக்ட்ரிக் வேலை பார்க்கும் என் கடைக்குத் தன் ஜப்பான் பிக்கப்பைக் கொண்டுவந்தார். இரண்டு மாதத்தில் மூன்றாவது பேட்டரி. "தம்பி, இதுவும் போலி சரக்கு போலிருக்கு. நல்லதா ஒண்ணு பாத்து போட்டுக் கொடு" என்றார். பேட்டரியைத் தனியே கழற்றி மீட்டர் வைத்தேன். 12.6 வோல்ட், முழுச் சார்ஜ். லோடு கொடுத்தும் பார்த்தேன், தாங்கி நின்றது. பாவம், அது ஒரு குற்றமும் செய்யவில்லை.

இந்த மழைக்காலத்தில் இப்படி வருகிற எத்தனையாவது வண்டி இது என்று எண்ணுவதையே விட்டுவிட்டேன். அதனால்தான் ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

அவர் சொன்ன கதை இது. தன்லின் பாலத்தின் இணைப்புத் தகடுகளில் டயர் ஏறி இறங்கும்போது சில நாள் இன்ஜின் பொட்டென்று நின்றுவிடும். (பாலம் திறந்தது 1993-ல். வண்டி அதைவிட மூத்தது.) சாவியைத் திருப்பினால் செல்ப் (இன்ஜினைச் சுற்றிக் கிளப்பும் மோட்டார்) 'டக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். பானெட்டைத் திறந்து கேபிள்களை நாலு ஆட்டு ஆட்டினால் ஒன்றும் நடக்காததுபோல் ஸ்டார்ட் ஆகிவிடும். ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோனால் பெண் பார்க்க வந்த வீட்டுப் பிள்ளைபோலச் சமர்த்தாக ஓடும். மெக்கானிக் யோசித்துப் பார்த்துவிட்டுப் பேட்டரியை மாற்றுவார். இதில்தான் எல்லாரும் ஏமாறுகிறார்கள். பேட்டரியை மாற்றும்போது பழைய கேபிள்கள் எல்லாம் கழன்று, அசைந்து, திரும்ப இறுகுகின்றன. அந்த அசைவில் விட்டுப்போன தொடுப்பு ஒரு வாரத்துக்கு ஒட்டிக்கொள்ளும். "பாத்தியா, பேட்டரிதான்!" என்று முடிவாகிவிடும். எட்டாம் நாள் மறுபடி பாலத்தில் நிற்பார்.

எனக்கு ஆத்திரம் வருவது இதற்கு அடியில் இருக்கிற நினைப்பைப் பார்த்து. வயர் என்றால் பிளஸ் வயர் மட்டும்தான் என்று எல்லாரும் நினைக்கிறார்கள். சிவப்பு வயரை எத்தனையோ முறை தடவிப் பார்ப்பார்கள், கரண்ட் திரும்பி வரும் வழியான எர்த்தை ஒருவரும் பார்ப்பதில்லை. ஐயா, பேட்டரியிலிருந்து புறப்பட்ட கரண்ட் திரும்பிப் பேட்டரிக்கே வந்தாக வேண்டும். வண்டியின் இரும்பு உடம்புதான் அது திரும்பும் பாதை. பீலிக்கான் கோயில் திருவிழாக் கூட்டத்தை நினைத்துப் பாருங்கள். உள்ளே விடும் வாசலை எவ்வளவு அகலப்படுத்தினாலும், வெளியே வரும் வழி ஓர் ஆள் நுழைகிற சந்து என்றால் வரிசை நகராது. எர்த் கெட்டுப்போன வண்டியில் நடப்பதும் அதுதான். இதைச் சொன்னால் "மீட்டர் வச்சுப் பாத்தோமே, 12 வோல்ட் காட்டுச்சே" என்பார்கள். காட்டத்தான் செய்யும்! மீட்டர் இழுக்கிற கரண்ட் ஒன்றுமே இல்லை. கேபிளில் ஒரே ஒரு இழை மிச்சமிருந்தாலும் 12 வோல்ட் காட்டும். செல்ப் மோட்டார் நூறு ஆம்பியருக்கு மேல் கேட்கும்போதுதான் அந்த ஒற்றை இழையின் வண்டவாளம் தெரியும்.

ஆகவே கரண்ட் ஓடும்போது அளக்க வேண்டும். மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் மைனஸ் முளையிலேயே வையுங்கள், கிளாம்பில் அல்ல. மறு முனையை இன்ஜினின் சுத்தமான இரும்பில் வைத்துக்கொண்டு செல்ப் அடிக்கச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்குள் இருந்தால் பரவாயில்லை. இந்தப் பிக்கப்பில் நாலு வோல்ட்டை நெருங்கியது. 12-ல் நாலு திரும்பும் வழியிலேயே தொலைந்தால் செல்ப் எப்படிச் சுற்றும்?

அப்போது இன்னொன்றும் நடந்தது. ஆக்சிலேட்டர் கேபிளைத் தற்செயலாகத் தொட்டேன், சுட்டது. முன்பு எப்போதோ இன்ஜின் மாற்றிய யாரோ பேட்டரியின் மைனஸ் கேபிளைப் பாடியில் மட்டும் கட்டிவிட்டிருக்கிறார். பாடிக்கும் இன்ஜினுக்கும் நடுவே மிச்சம் இருந்தது ஒரு பழைய செம்புப் பின்னல் பட்டை மட்டும். பார்க்க முழுதாகத்தான் இருந்தது. ஆனால் போல்ட்டுக்குப் பக்கத்தில் விரலால் வளைத்தால் பச்சைக் களிம்பு பொடிப்பொடியாக உதிர்ந்தது. உள்ளே நாலைந்து இழைதான் உயிரோடு. வழி அடைபட்ட கரண்ட் ஆக்சிலேட்டர் கேபிள் வழியாகத் திரும்பிக்கொண்டிருந்தது. "சில நேரம் ஆக்சிலேட்டர் சிக்கிக்கும்" என்று அவர் சொன்னதைத் தனிக் கோளாறு என்று நான்கூட ஒதுக்கிவைத்திருந்தேன். என் தப்புதான்.

களிம்பு எங்கிருந்து வந்தது என்று கேட்டபோது சிரித்தார். தண்ணீர்த் திருவிழாவான திஞ்சானுக்கு வீட்டுப் பிள்ளைகளையும் அவர்கள் நண்பர்களையும் பின்னால் ஏற்றிக்கொண்டு நாலு நாளும் ரங்கூனைச் சுற்றியிருக்கிறார். குழாய்த் தண்ணீர், வாளித் தண்ணீர் எல்லாம் வண்டிக்குள். அது ஏப்ரலில். மே பாதியில் மழை பிடித்துவிட்டது. காய நேரமே இல்லை. கொண்டாட வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். என் பிள்ளைகளும் போகிறார்கள். முடிந்த மறுநாள் பானெட்டைத் திறந்து வெயிலில் நிறுத்துங்கள், தரைவிரிப்பைத் தூக்கிவிடுங்கள் என்றுதான் கெஞ்சுகிறேன்.

புதுக் கேபிள் ஒன்று பேட்டரி மைனஸிலிருந்து நேராக இன்ஜினுக்கு, புதுப் பட்டை ஒன்று. பெயின்ட்டைச் சுரண்டி, வெறும் இரும்பில் முறுக்கி, மேலே கிரீஸ். அளவு 0.2 வோல்ட்டுக்கு வந்தது. அவருடைய முதல் இரண்டு பேட்டரிகளும் வீட்டில் நல்லபடியாகத்தான் கிடக்கின்றனவாம்.

எர்த் என்றால் அரை மணியில் முடிந்துவிடும். வந்து வந்து மறைகிற மற்றக் கோளாறுகளுக்குப் பொறுமை வேண்டும். வயர் எங்கே வளைகிறதோ அங்கே முதலில் தேடுங்கள்: கதவுக் கீலில் ரப்பர் உறைக்குள், ஸ்டியரிங்குக்குக் கீழே, இன்ஜினும் பாடியும் சேருமிடத்தில். இன்ஜின் ஓட, வயர்களை இணைக்கும் கப்ளர்களை ஒவ்வொன்றாக ஆட்டிப் பார்க்க வேண்டும். மழையில் மட்டும் வரும் கோளாறுக்குப் பக்கத்து வெற்றிலைக் கடையில் தண்ணீர் தெளிப்பான் வாங்கி, பிளக்குகளுக்குக் கரண்டைப் பிரித்துவிடும் டிஸ்ட்ரிபியூட்டர் மேல் புகைபோலத் தெளிப்பேன். சூடானால் மட்டும் வருவதற்கு முடி உலர்த்தும் மிஷின். கரண்டைத் திறந்து மூடும் ரிலேக்குள் ஈய ஒட்டு விரிசல் விட்டிருந்தால் அந்தச் சூட்டில் காட்டிக்கொடுத்துவிடும்.

செய்யக் கூடாதவை சில. பியூஸ் போனால் சிகரெட் அட்டையின் வெள்ளித்தாளைச் சுற்றாதீர்கள், வயர் எரிந்து வண்டியே போகும். பியூஸ் பெட்டி மூடியில் எழுதியிருக்கும் ஜப்பான் எழுத்து உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. நிறம் தெரியுமல்லவா? சிவப்பு 10, நீலம் 15, மஞ்சள் 20, பச்சை 30. சிவப்பு இருந்த இடத்தில் பச்சையைச் செருகிவிட்டு "இப்ப போகவே மாட்டேங்குது" என்று பெருமைப்படாதீர்கள். டைனமோ வேலை செய்கிறதா என்று பார்க்க, ஓடும் வண்டியில் பேட்டரி கேபிளைக் கழற்றும் பழைய வித்தையை விட்டுவிடுங்கள். அதற்குள் இருக்கும் டயோடு எரிந்துபோகும். மீட்டர் வையுங்கள், 13.8 முதல் 14.4 வரை வந்தால் நல்லது. கரண்ட் போகிற ஊர் என்று போன் சார்ஜருக்கும் விசிறிக்கும் கிடைத்த வயரைச் சுரண்டி முறுக்கி டேப் ஒட்டியிருக்கிறீர்களே, அதையும் ஒரு முறை திறந்து பாருங்கள்.

என்னிடம் வருவதாக இருந்தால் ஒரு சின்னத் தாளில் எழுதிக்கொண்டு வாருங்கள்: எப்போது நின்றது, இன்ஜின் சூடா குளிரா, மழையா, பள்ளமா, அந்த நேரத்தில் எந்த விளக்கு எரிந்தது. போனில் படம் பிடித்தால் இன்னும் நல்லது. காலையில் வாருங்கள், சாயங்காலம் கடை மூடுகிற நேரத்தில் வேண்டாம். அப்புறம், தயவுசெய்து இன்ஜினைக் கழுவிக்கொண்டு வராதீர்கள். அந்தப் பச்சைக் களிம்பையும் அழுக்கையும் வைத்துத்தான் நான் கண்டுபிடிக்க வேண்டும்.