‘ஸ்கிரீனிங்’ என்றால் திரையிடலா?

நெல்லை மாவட்டம் மானூர் பக்கம் ஒரு செங்கல் சூளை வாசலில் கட்டியிருந்த ஃப்ளெக்ஸ்: ‘கருப்பைவாய்ப் புற்றுநோய் திரையிடல் முகாம்’. சூளையில் வேலை பார்க்கும் ஒடிசா, பீகார் பெண்களுக்காக நடந்த முகாம் அது. தண்ணீர் எடுக்க வந்த உள்ளூர் அக்கா அதை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, “என்ன படம் போடுதாவ?” என்று கேட்டார். அவர் கேட்டதில் தப்பே இல்லை. தமிழில் திரையிடுவது படத்தைத்தான்.

‘திரையிடல்’ என்று பெயர்த்திருப்பது ‘ஸ்கிரீனிங்’கை. அதன் வேரான ‘ஸ்கிரீன்’ என்ற ஆங்கிலச் சொல்லின் கதை சுருக்கமானது. பழைய பிரெஞ்சில் அது அடுப்பனலை மறைக்கும் தடுப்பு. பிறகு ஆங்கிலத்தில் நிலக்கரியும் மணலும் சலிக்கிற சல்லடைக்கும் அதுவே பெயரானது. மருத்துவம் எடுத்துக்கொண்டது இந்தச் சல்லடைப் பொருளை. நோய்க்குறி எதுவும் இல்லாத பலரைப் பார்த்து, அவர்களில் மேலும் கவனிக்க வேண்டிய சிலரைப் பிரித்தெடுப்பதுதான் ஸ்கிரீனிங்.

மொழிபெயர்த்தவர் அகராதியில் முதல் பொருளோடு நின்றுவிட்டார். ‘கலைச்சொல்தானே, புழங்கப் புழங்கப் பழகிவிடும்’ என்று இதற்கு வக்காலத்து வாங்குகிறவர்களும் உண்டு. புதுச்சொல் பழகும், சரி. ஆனால் ‘திரையிடு’ புதுச்சொல் இல்லை. ‘திரையிட்டு மறைத்தான்’ என்று காலங்காலமாகச் சொல்கிறோம். இருப்பதை வெளியே கொண்டுவரும் வேலைக்கு மறைப்பதன் பெயரை வைத்தால், எத்தனை வருடம் பழகினாலும் அது எதிர்ப்பொருளாகவே நிற்கும்.

இதற்கே இன்னொரு பெயரான ‘புற்றுநோய் கண்டறியும் பரிசோதனை’ தமிழாகவாவது இருக்கிறது. ஆனால் அதைக் கேட்கிற பெண், தனக்குப் புற்று இருப்பதாக யாரோ முடிவு கட்டிவிட்டதாக நினைக்கிறாள். நடப்பது அதுவல்ல. நீர்த்த அசிட்டிக் அமிலத்தைக் கருப்பைவாயில் தடவி, ஒரு நிமிடம் பொறுத்துப் பார்ப்பார்கள். மாறத் தொடங்கிய இடம் வெளுத்துத் தெரியும். இந்தப் புற்றுக்குக் காரணமான எச்பிவி என்ற வைரஸ் கிருமி உடம்பில் தங்கி, அந்த மாற்றம் புற்றாக முற்ற பொதுவாக 15 முதல் 20 ஆண்டுகள் ஆகும். அதற்குள் பிடித்துவிட்டால் அந்த இடத்தை மட்டும் அகற்றிவிடலாம். 30 முதல் 65 வயது வரை 5 ஆண்டுக்கு ஒருமுறை இதைச் செய்துகொள்ளச் சொல்கிறது அரசு வழிகாட்டுதல்.

அப்புறம் இந்தச் ‘சோதனை’. வருமான வரிக்காரர் வந்தாலும் சோதனை, குடும்பத்தில் அடிமேல் அடி விழுந்தாலும் சோதனை. இந்தியில் ‘ஜாஞ்ச்’ என்று சொன்னாலும் இதே கதைதான். போலீஸ் விசாரணைக்கும் அதே சொல். ஊர்விட்டு ஊர் வந்து, போகிற இடமெல்லாம் ஆதார் அட்டையை நீட்டிக்கொண்டிருக்கிற பெண்ணிடம் ‘சோதனைக்கு வா’ என்றால் எந்த நம்பிக்கையில் வருவாள்? வந்த பெண்கள் பயப்படுகிறார்கள், ஒத்துழைக்கவில்லை என்று பிறகு அறிக்கை எழுதுகிறோம்.

சரி, சல்லடையிலிருந்தே சொல் எடுக்கலாமா? ‘சலிப்பு’ வேறு எங்கோ போய்விட்டது. ‘அரிப்பு’ கூடவே கூடாது. அதையே நோய்க்குறியாகச் சொல்லிக்கொண்டு வருகிற பெண்கள் இருக்கிறார்கள். ‘வடிகட்டல்’ ஆளையே கழித்துக்கட்டுகிற மாதிரி ஒலிக்கிறது.

என் தேர்வு ‘வருமுன் பார்த்தல்’. ‘வருமுன் காப்போம்’ என்ற திட்டப் பெயர் ஏற்கெனவே ஊரறிந்தது. நெல்லைப் பேச்சில் ‘உடம்பப் பாத்துக்கிடு’ என்பதும் அன்றாடச் சொல். ‘கருப்பைவாயை வருமுன் பார்த்துக்கொள்ளுங்கள்’ என்று வினையாகவும் இது ஓடும். சூளைப் பெண்களுக்கு இந்தியில் சொல்கிறவருக்கும் ‘பஹலே தேக் லேனா’ என்று தயக்கமில்லாமல் வாயில் வரும். சுருக்கமாக இல்லை என்பார்கள். நாலு எழுத்து மிச்சப்படுத்துவதற்காகப் பொருளை விட்டுக்கொடுக்க முடியாது.

நம் மருத்துவ மொழிபெயர்ப்பில் பெரிய குறை, எழுதியதை யாரும் வாய்விட்டுப் படித்துப் பார்ப்பதில்லை. ‘பாசிட்டிவ்’ என்று முடிவு வந்தால் ‘நேர்மறை’ என்று எழுதித் தருகிறார்கள். இன்றைய தமிழில் நேர்மறை என்றால் நல்லது. அந்தச் சீட்டைக் கையில் வாங்கியவள் நிம்மதியாக வேலைக்குத் திரும்பிவிடுவாள். பாசிட்டிவ் என்றால் அவளுக்குப் புற்று என்று பொருளில்லை, ஒன்றுமில்லை என்றும் பொருளில்லை. ‘இன்னும் பார்க்க வேண்டும்’ என்று எழுதி, எந்த ஆஸ்பத்திரி, எந்தக் கிழமை, யாரைப் பார்க்க வேண்டும் என்பதை அவள் மொழியிலேயே பக்கத்தில் குறித்துத் தர வேண்டும்.