வாஸ்து மீன் எதை வாங்கிக்கொண்டு செத்தது?

"தொட்டி வைத்து ஒன்பதாம் நாள் ஃபிளவர்ஹார்ன் செத்துவிட்டது. வீட்டுக்கு வந்த கண்டத்தை அது வாங்கிக்கொண்டது என்கிறார் மாமியார். தண்ணீர் பளிங்கு மாதிரிதானே இருந்தது, வேறென்ன காரணம்?" என்று வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்.

மீன் வாங்கிக்கொண்டது அம்மோனியாவை. ஃபிளவர்ஹார்ன் 1990களில் மலேசியாவில் கலப்பினமாக உருவாக்கிய மீன். அதற்கு வாஸ்து சாஸ்திரத்தில் இடம் பிடித்துக் கொடுத்தது யார் என்று விற்கிறவர்களைத்தான் கேட்க வேண்டும்.

தீனி டப்பாவைத் திருப்பிப் பாருங்கள், புரதம் 40% என்று இருக்கும். தினமும் 1 கிராம் தீனி போட்டால் 400 மில்லிகிராம் புரதம், அதில் 16% நைட்ரஜன், அதாவது 64 மில்லிகிராம். அதில் பாதி செவுள் வழியே அம்மோனியாவாக வெளியேறினாலும் 32 மில்லிகிராம். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரத் தொட்டியில் மணல் போக 45 லிட்டர் தண்ணீர் நிற்கும். ஆக, தினமும் லிட்டருக்கு 0.7 மில்லிகிராம் ஏறிக்கொண்டே போகிறது. அதற்கு நிறம் கிடையாது, தண்ணீர் பளிங்காகத்தான் தெரியும்.

இதில் பெரும்பகுதி அம்மோனியம் அயனியாக இருந்தால் மீனுக்கு அதிகக் கேடில்லை. அயனியாகாத அம்மோனியாதான் செவுளை அரிக்கும். 28 டிகிரியில், பிஎச் 7 என்றால் அது நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. பிஎச் 8 என்றால் ஆறேழு பங்கு. உப்புச்சுவை தட்டும் போர் தண்ணீர் பல இடங்களில் 8ஐ ஒட்டியே இருக்கும். ஒரே தீனி, ஒரே மீன், ஆனால் விஷம் பத்து மடங்கு.

அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் பாடப்புத்தகத்தில் இருக்கின்றன. புதுத் தொட்டியில் அவை பெருக நாலு முதல் ஆறு வாரம் ஆகும். இரண்டு கட்டத்துக்கும் தனித்தனி இனங்கள் என்றுதான் நூறாண்டுக்கு மேல் நம்பியிருந்தோம். நைட்ரோஸ்பைரா என்ற பாக்டீரியா ஒன்றே இரண்டு வேலையையும் முடிக்கிறது என்று 2015இல் தெரிந்தது. அது அகப்பட்ட இடங்களில் ஒன்று மீன் வளர்ப்புத் தொட்டியின் வடிகட்டி! வடிகட்டி அழுக்கை ஆராயப் பணம் எதற்கு என்று கேட்கும் நிதிக் குழுக்கள் இதைக் குறித்துவைத்துக்கொள்ளலாம்.

இனிதான் அழகான இடம். அம்மோனியத்தில் நைட்ரஜனின் ஆக்சிஜனேற்ற எண் −3, நைட்ரேட்டில் +5. இடைவெளி எட்டு எலக்ட்ரான்கள். அவற்றைப் பறித்துத்தான் பாக்டீரியா பிழைக்கிறது. ஆனால் செடிக்கு அமினோ அமிலம் கட்ட வேண்டியது அம்மோனியம். நைட்ரேட் கிடைத்தால், நைட்ரைட்டாக்க இரண்டு, அம்மோனியமாக்க ஆறு என்று அதே எட்டு எலக்ட்ரான்களை அது திருப்பிக் கொடுக்க வேண்டும். எங்கிருந்து? பள்ளியில் புனலைக் கவிழ்த்து ஹைட்ரில்லாவில் குமிழி எண்ணினோமே, அந்த ஒளிவினையிலிருந்து. எட்டு எலக்ட்ரானுக்கு நாலு நீர் மூலக்கூறுகளைப் பிளந்தாக வேண்டும். அம்மோனியமே கையில் கிடைத்தால் இந்தச் செலவு மிச்சம். அதனால்தான் பல நீர்த்தாவரங்கள் அம்மோனியம் இருக்கும்வரை நைட்ரேட்டை ஓரங்கட்டுகின்றன. மீனைக் கொல்வது எதுவோ அதுவே செடிக்கு முதல் பந்திச் சாப்பாடு.

ஆகவே முதலில் செடி, பிறகு மீன். 2 முதல் 3 மில்லிமீட்டர் பருமனுள்ள ஆற்று மணலைக் கலங்கல் போகக் கழுவி 5 சென்டிமீட்டர் பரப்புங்கள். ஒரு பிடியில் வினிகர் விட்டு நுரைத்தால் அதில் கிளிஞ்சல் இருக்கிறது, வேண்டாம். தரையில் முக்கால் பங்கு மறையும்படி ஹைட்ரில்லாவும் வாலிஸ்நேரியாவும் நடுங்கள். இரண்டும் கடினநீரில் உள்ள பைகார்பனேட்டிலிருந்தே கார்பனை எடுத்துக்கொள்ளும், கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் வாங்க வேண்டியதில்லை. வாலிஸ்நேரியாவின் குருத்து மணலுக்கு மேலே தெரிய வேண்டும். ஜாவா ஃபெர்ன், அனூபியாஸ் வைத்தால் அவற்றின் கிழங்கைப் புதைக்காமல் கல்லில் நூலால் கட்டுங்கள், புதைத்தால் அழுகும். நர்சரியில் காற்றில் வளர்ந்த செடிகளின் பழைய இலை முதல் வாரம் கரையும். வெட்டி எறியுங்கள், இல்லாவிட்டால் அதுவும் அம்மோனியாவாகும். விளக்கு 7 மணி நேரம் போதும், 12 மணி நேரம் எரியவிட்டால் பாசிதான் ஜெயிக்கும்.

புதுத் தளிர் விட்டு, டெஸ்ட் கிட்டில் அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யம் காட்டினால் ஆறு கப்பி மீன்கள் விடலாம். ஃபிளவர்ஹார்ன் வேண்டாம், நட்டதையெல்லாம் பிடுங்கிப் போட்டுவிடும். வாரம் ஒருமுறை கால்வாசித் தண்ணீரை மாற்றுங்கள். கார்ப்பரேஷன் தண்ணீர் என்றால் முதலில் குளோரின் நீக்கி விட வேண்டும். பலர் தொட்டியைக் கவிழ்ப்பது ஸ்பாஞ்ச் ஃபில்டரைக் குழாயடியில் பளிச்சென்று கழுவும்போதுதான். பாக்டீரியாக் குடியிருப்பே அதில்தான் இருக்கிறது. தொட்டியிலிருந்து எடுத்த பழைய தண்ணீர் பக்கெட்டில் இருக்குமே, அதில் இரண்டு பிழி பிழிந்து திரும்ப மாட்டிவிடுங்கள்.