ஊசி பட்ட மான் எங்கே ஓடும்?

காட்டுயிர் ஆய்வுகளுக்கு ஒப்புதல் கொடுக்கும் விலங்கு நெறிமுறைக் குழுவில் ஆய்வாளரும் மிருக வைத்தியரும் மட்டும் இருந்தால் போதாது. ஆய்வில் விலங்குகளைப் பயன்படுத்துவது பற்றிய அவுஸ்திரேலிய விதிக்கோவையின்படி, விலங்கு நலனில் ஈடுபாடுள்ளோரும் ஆய்வுத்துறைக்கு வெளியே உள்ள பொதுமக்களும் சேர்ந்து குழுவில் மூன்றில் ஒரு பங்காவது இருக்க வேண்டும். திருகோணமலையில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரையோ கடற்றொழிலாளி ஒருவரையோ இதற்குக் கூப்பிட்டால், "எனக்கு விஞ்ஞானம் தெரியாதே" என்றுதான் பின்வாங்குவார்கள். விஞ்ஞானம் தெரிந்தவர்கள் அங்கே ஏற்கெனவே இருக்கிறார்கள். ஊர் தெரிந்தவர்தான் குறைவு.

ஓர் உதாரணம். திருகோணமலை பிரட்ரிக் கோட்டைக்குள் திரியும் புள்ளிமான்களின் குடற்புழுக்களை ஆராய, 30 மான்களை மயக்கிப் பிடிக்க விண்ணப்பம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். முதற்கேள்வி: புழுக்கை போதாதா? மான் போட்ட கையோடு பொறுக்கி, ஐஸ் பெட்டியில் வைத்து, அன்றைக்கே நுணுக்குக்காட்டியில் பார்த்தால் புழு முட்டைகளை எண்ணலாம். வெயிலில் விட்டால் முட்டை பொரித்துக் கணக்கு பிழைத்துவிடும், அவ்வளவுதான் சிரமம். மானைத் தொடவே தேவையில்லை. விலங்கைத் தவிர்க்க முடியுமா, எண்ணிக்கையைக் குறைக்க முடியுமா, வேதனையைக் குறைக்க முடியுமா என்று 1959இல் ரஸல், பேர்ச் என்ற இரு விஞ்ஞானிகள் வகுத்த மூன்று கேள்விகளில் முதலாவதுக்கு இங்கேயே பதில் கிடைத்துவிடுகிறது.

இல்லை, இரத்தமும் வேண்டும் என்கிறார்களா? ஊசி பட்டதும் மான் நின்ற இடத்தில் சாயாது. மருந்து வேலை செய்ய 5 முதல் 15 நிமிடம் பிடிக்கும். அதுவரை அது ஓடும். கோட்டைக்குள் எந்தப் பக்கம்? ஒரு பக்கம் கோணேசர் கோயிலுக்குப் போகும் வீதி, வெள்ளிக்கிழமைச் சனம், ஓட்டோ. மறுபக்கம் சுவாமி மலைச் செங்குத்து, கீழே கடல். விண்ணப்பத்தில் மருந்தின் அளவு மில்லிகிராமில் துல்லியமாக இருக்கும். மான் எந்தப் பக்கம் ஓடக்கூடும் என்ற வரைபடம் பெரும்பாலும் இராது. அதைக் கேட்க வைத்தியப் பட்டம் வேண்டியதில்லை.

விழுந்த பிறகும் வேலை இருக்கிறது. அசைபோடும் பிராணியைப் பக்கவாட்டில் கிடத்தி வைத்தால் வயிறு ஊதும், இரைப்பை நீர் மேலேறி மூச்சுக்குழாய்க்குள் போகும். நெஞ்சில் குந்தவைத்து, கழுத்தை உயர்த்தி, மூக்கைக் கீழ்நோக்கிப் பிடிக்க வேண்டும். கண்ணைத் துணியால் மூட வேண்டும். உடல் வெப்பம் 41 பாகை செல்சியஸைத் தாண்டினால் வேலையை நிறுத்தி, தண்ணீர் ஊற்றி, மயக்கம் தெளியவைக்கும் மாற்று மருந்து கொடுத்து விட்டுவிட வேண்டும். தண்ணீர் எத்தனை வாளி, யார் கொண்டுவருவது என்பதுவரை எழுதியிருக்கிறதா பாருங்கள். துரத்தப்பட்ட மானின் தசைகள் சிதைந்து சிறுநீரகம் பழுதாவதுண்டு. விட்ட அன்றைக்கு எழுந்து நடந்த மான் சில நாள் கழித்துப் பற்றைக்குள் செத்துக் கிடக்கும். ஆகவே 'பாதுகாப்பாக விடுவிக்கப்படும்' என்ற ஒரு வரியை ஏற்க வேண்டாம். எத்தனை நாள் பின்தொடர்ந்து பார்ப்பார்கள் என்று கேளுங்கள்.

பறவை வலையும் இப்படித்தான். மெல்லிய நைலான் வலையை 20, 30 நிமிடத்துக்கு ஒருமுறை பார்ப்போம் என்று எழுதுவார்கள். மே முதல் செப்டம்பர் வரை கச்சான் காற்று வீசும் ஊரில், வெயில் ஏறியபின் வலையில் தொங்கும் குருவிக்கு அவ்வளவு நேரம் தாங்காது. விடிய விரித்து 9 மணிக்கு முன் சுருட்டுவது, காற்றிலும் மழையிலும் விரிக்காமல் விடுவது என்று நிபந்தனை போடலாம். ஒருவர் எத்தனை வலையைப் பார்க்கிறார் என்பதும் முக்கியம். ஒரே நேரத்தில் 12 பறவை விழுந்தால் இரண்டு கை போதாது. பறவையில் கண்காணிப்புக் கருவி பொருத்துவதானால் அது உடல் எடையில் 3 வீதத்தைத் தாண்டாமல் இருப்பது நல்லது. 10 கிராம் தேன்சிட்டுக்கு அது 0.3 கிராம்தான்.

ஆமை முட்டை இடம்மாற்றும் ஆய்வென்றால் ஒரே கேள்வி: இட்டு எத்தனை மணி நேரத்துக்குள்? சில மணி நேரத்தில் கரு ஓட்டோடு ஒட்டத் தொடங்கிவிடும். பிறகு முட்டையைப் புரட்டினால் உள்ளே செத்துவிடும்.

எண்ணிக்கை குறைவாக இருந்தால் நல்லதென்று அவசரப்பட வேண்டாம். கேள்விக்குப் பதில் சொல்லப் போதாத 6 விலங்குகளைப் பிடித்தால் ஆறும் பட்ட பாடு வீண்தான்.

குழு ஒப்புதல் கொடுத்தாலும் வனஜீவராசிகள் திணைக்களத்தின் அனுமதி வேறாக எடுக்க வேண்டும். 2003இல் தேசிய பூங்காவாக்கப்பட்ட புறாத்தீவு போன்ற இடத்தில் இது இல்லாமல் ஆய்வுக்கென்று காலடி வைக்கக்கூடாது. விண்ணப்பதாரர் உங்களுக்குச் சொந்தமோ பழக்கமோ என்றால், அந்த விண்ணப்பம் பேசப்படும்போது வெளியே வந்துவிடுங்கள். ஆவணங்கள் ஒரு வாரம் முந்தியே கைக்கு வர வேண்டும் என்றும் கேளுங்கள். கூட்டத்தன்று மேசையில் வைத்தால் யாராலும் வாசிக்க முடியாது.

வருட முடிவில் அறிக்கை வரும். அனுமதித்தது எத்தனை, பிடித்தது எத்தனை, செத்தது எத்தனை என்று பார்த்துவிட்டு, தேடாத இனங்கள் வலையில் விழுந்த கணக்கைத் தேடுங்கள். ஒரு பருவம் முழுக்க வலை விரித்தும் அந்த நிரல் வெறுமையாக இருந்தால், களக் குறிப்புப் புத்தகத்தைக் கொண்டுவரச் சொல்லுங்கள்.