ஓதம் ஏறிய சுவரும் குழந்தையின் இளைப்பும்

மழைக்காலம் முடிந்தும் பீரோவுக்குப் பின்னால் சுவரில் கறுப்புப் புள்ளிகள் போகவில்லை, நான்கு வயது மகனுக்கு ராத்திரி இருமலும் நிற்கவில்லை; இரண்டுக்கும் சம்பந்தம் உண்டா, பெயிண்ட் அடித்தால் சரியாகுமா என்று சென்னை வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்.

சம்பந்தம் இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. ஈரமும் பூஞ்சையும் உள்ள வீடுகளில் இருமலும் இளைப்பும் ஆஸ்துமாவும் கூடுதல் என்று உலக சுகாதார நிறுவனம் 2009-லேயே சொல்லிவிட்டது. சுவரில் ஓதம் ஏறுகிறது, மொட்டைமாடி கசிகிறது, மழைநாளில் துணியை அறைக்குள்ளேயே காயப்போடுகிறோம். ஈரம் நிலைத்தால் பூஞ்சை வரும், வளர்ந்ததும் நுண்வித்துகளைக் காற்றில் விடும்.

அஸ்பெர்ஜில்லஸ் ஃபுமிகேட்டஸ் என்ற பூஞ்சையின் வித்து 2 முதல் 3 மைக்ரோமீட்டர்தான். மூக்கையும் தொண்டையையும் தாண்டி நுரையீரலின் காற்றறை வரை போய்விடும். இவற்றை நாம் எல்லோருமே தினமும் சுவாசிக்கிறோம். பிறகு ஏன் நம் எதிர்ப்பணுக்கள் நாள் முழுக்கப் போர் தொடுப்பதில்லை?

வித்தின் மேல் ஹைட்ரோஃபோபின் என்ற புரதம் நுண்ணிய கோல்களாக அடுக்கி, மழைக்கோட்டு மாதிரி மூடியிருக்கிறது. தண்ணீர் ஒட்டாததால் வித்து லேசாகப் பறக்கிறது. அந்தக் கோட்டுக்கு இன்னொரு வேலையும் உண்டு. உள்ளே பீட்டா குளூக்கான் என்ற சர்க்கரைச் சங்கிலி இருக்கிறது. வெள்ளணுக்கள் பூஞ்சையை அடையாளம் காண்பது முக்கியமாக அதை வைத்துத்தான். கோட்டு அதை மறைத்துவிடுகிறது. பாரிஸின் பாஸ்டர் நிறுவன ஆய்வாளர்கள் 2009-ல் வெளியிட்ட ஆய்வில் ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தால் கோட்டைக் கழற்றிப் பார்த்தார்கள். அந்தப் புரதத்துக்கான மரபணுவையே நீக்கிப் பார்த்தார்கள். வித்தை முளைக்கவிட்டும் பார்த்தார்கள். மூன்று விதத்திலும் எதிர்ப்பணுக்கள் விழித்துக்கொண்டன. கோட்டு இருந்தவரை பேசாமல் இருந்தன. பறப்பதற்கும் ஒளிவதற்கும் ஒரே புரதம்! எத்தனை முறை படித்தாலும் எனக்கு இது அலுப்பதில்லை.

உடலின் ஈரமும் சூடும் கிடைத்தால் வித்து உப்பி, கோட்டு கழன்று, ஒவ்வாமையைத் தூண்டும் புரதங்கள் வெளியே வரும். பெரும்பாலும் அதற்குள் துப்புரவு அணுக்கள் விழுங்கிவிடும். ஒவ்வாமை உள்ள குழந்தைக்கோ மூச்சுக்குழாய்த் தசை இறுகி, உட்சுவர் வீங்குகிறது. அந்தக் குழாய் ஏற்கெனவே குறுகல். சீராக ஓடும் காற்றுக்கு, குழாயின் ஆரம் பாதியானால் தடை 16 மடங்காகும். போதாததற்கு, எடைக்கு எடை பார்த்தால் குழந்தை பெரியவர்களைவிட அதிகக் காற்றை இழுக்கிறது.

இளைக்கும் பிள்ளைக்குத் திருஷ்டி கழித்து, கயிறு கட்டி, அதே சுவரோரம் படுக்கவைப்பதைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. அரசுகள் மீதும் கோபம் உண்டு. உலக சுகாதார நிறுவனம் ஆபத்தான பூஞ்சைகளுக்கென்று முதல் பட்டியல் போட்டதே 2022-ல்தான். இந்த அஸ்பெர்ஜில்லஸ் அதில் முதல் பிரிவில் இருக்கிறது. நம் ஊர் வீட்டுச் சுவர்களை ஆராயவும் பணம் ஒதுக்கவேண்டும்.

சரி, பெயிண்ட்? கசிவை அடைக்காமலும் சுவரைக் காயவிடாமலும் அடித்தால் பூஞ்சை மறுபடி வரும். காய்ந்த விளக்குமாற்றால் தேய்க்காதீர்கள், வித்துகள் அறை முழுக்கப் பறக்கும். வெறும் தண்ணீரும் அந்தக் கோட்டில் சரியாக ஒட்டாது; ஆய்வகத்திலேயே வித்து சேகரிக்கச் சோப்பு போன்ற திரவத்தைத்தான் சேர்ப்பார்கள். குழந்தையை வேறு அறையில் விட்டு, மாஸ்க் போட்டு, சோப்புத் தண்ணீரில் துணியை நனைத்துத் துடையுங்கள், பீரோவைச் சுவரிலிருந்து தள்ளி வையுங்கள். ராத்திரி இருமலைக் குழந்தை மருத்துவரிடம் காட்டும்போது, சுவரைப் பற்றியும் அவரிடம் சொல்லுங்கள்.