ஈயக்குண்டை வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள்

நுவரெலியாப் பக்கம் ட்ரவுட் மீன் பிடிக்கப் போகலாமா என்று கேட்கிற திருகோணமலைக்காரர் எல்லோருக்கும் நான் முதலில் சொல்வது இதுதான். நாங்கள் தூண்டில் போட்டுப் பழகிய விதம் வேறு. டொச் பே கரையில் நின்றாலும் சரி, கிண்ணியாப் பாலத்தடியில் நின்றாலும் சரி, தங்கூசி என்கிற நைலோன் நூலில் ஒரு ஈயம், தூண்டில் முள், முள்ளில் இறாலோ கணவாய்த் துண்டோ. தலைக்கு மேல் இரண்டு சுற்றுச் சுற்றி விட்டால் ஈயம் பறக்கும், தங்கூசி அதன் பின்னால் இழுபட்டுப் போகும். மலையாற்றில் ஃப்ளை ஃபிஷிங் செய்யும்போது முள்ளில் இருப்பது ஒரு பூச்சி, அதுவும் நூலும் இறகும் சுற்றிச் செய்த பொய்ப்பூச்சி. நீர்ப்பரப்பில் மிதக்கிற சின்னப் பூச்சி ஒன்றின் எடை ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்குகூட வராது. கையால் எறிந்து பாருங்கள், காலடியிலேயே விழும்.

அப்படியானால் அது எப்படிப் பத்துப் பதினைந்து மீற்றர் தள்ளிப் போய் விழுகிறது? எறிவது கயிற்றை, பூச்சி அதன் நுனியில் சும்மா சவாரி போகிறது. இந்தக் கயிறு தங்கூசி மாதிரி மெல்லியது இல்லை, மேலே பிளாஸ்டிக் பூசிய தடித்த கயிறு, நுனியை நோக்கி மெலிந்துகொண்டே போகும், அதன் எடைக்கு ஏற்ப இலக்கம் போட்டு விற்பார்கள். 5ஆம் இலக்கக் கயிறு என்றால் முதல் 30 அடியின் எடை 140 கிரெயின், அதாவது சுமார் 9 கிராம். எங்கள் ஈயக்குண்டை உருக்கி ஒன்பது மீற்றர் நீளத்துக்கு இழுத்துவிட்டது போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தடியைப் பின்னால் இருந்து முன்னால் கொண்டுவரும்போது கயிற்றின் பாரத்தில் தடி வளைகிறது. மணிக்கூட்டு முகத்தில் பத்து மணி இருக்கிற இடத்தில் சட்டென்று நிறுத்தினால் வளைந்த தடி நிமிர்கிறது, கயிறு ஒரு ஒடுங்கிய வளையமாக மடிந்து முன்னால் ஓடுகிறது. வளையத்தின் கீழ்ப்பக்கம் தடியோடு சேர்ந்து நின்றுவிட்டது, மேல்பக்கம் மட்டும்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. வளையம் விரிய விரிய ஓடுகிற பகுதி குட்டையாகிறது, ஆனால் நீங்கள் கொடுத்த ஆற்றலில் காற்று தின்றது போக மிச்சம் எல்லாம் அந்தக் குட்டைப் பகுதிக்கே வந்து சேர்கிறது, அதனால்தான் கடைசி முழம்வரை வேகம் விட்டுப்போகாமல் பூச்சியைக் கொண்டுபோய் வைக்கிறது. மாட்டுவண்டிச் சாட்டையும் இதே வேலையைத்தான் செய்கிறது, அங்கே நுனி ஒலியின் வேகத்தையே தாண்டுவதால்தான் அந்த ‘பட்’ சத்தம்.

இதில் கைப்பலத்துக்கு வேலை குறைவு, பொறுமைக்குத்தான் வேலை. கயிறு பின்னால் முழுதாக நீண்டு முடியும்வரை காத்திருந்து, அப்புறம்தான் முன்னால் கொண்டுவர வேண்டும். அவசரப்பட்டால் காதுக்குப் பின்னால் சாட்டைச் சத்தம் கேட்கும், பூச்சி அறுந்து போயிருக்கும். போவதற்கு ஒரு மாதம் முன்பிருந்தே புல் உள்ள ஏதாவது மைதானத்தில் முள்ளுக்குப் பதிலாகச் சிவப்புக் கம்பளி நூல் துண்டு கட்டிப் பின்னேரங்களில் பழகுங்கள். கடற்கரையில் வேண்டாம், மணல் கயிற்றின் பூச்சைத் தேய்த்துவிடும்.

அந்தப் பொய்ப்பூச்சியைக் கொஞ்சம் கிட்டப் பாருங்கள். அதன் கழுத்தில் சுற்றியிருப்பது பெரும்பாலும் சேவலின் கழுத்து இறகு. விறைப்பான இழைகள் நாலாபக்கமும் நீட்டிக்கொண்டு நிற்கும். ஒரு தட்டில் தண்ணீர் எடுத்து அதன் மேல் மெதுவாக வைத்து, விளக்கை ஒரு பக்கமாகச் சாய்த்துப் பிடித்தால் ஒவ்வொரு இழையின் கீழும் நீர்ப்பரப்பு சின்னதாகக் குழிவது தெரியும், ஆனால் கிழியாது. பரப்பிழுவிசைதான் அதைத் தாங்குகிறது. இனி ஒரு துளி சவர்க்காரத் தண்ணீர் விடுங்கள், பூச்சி அப்படியே அமிழும். ஆற்றங்கரையில் சவர்க்காரமோ கிறீமோ பட்ட கையோடு பூச்சியைத் தொடக்கூடாது என்று சொல்வது இதனால்தான்.

இது யாரைப் போல நடிக்கிறது என்றால், மேஃப்ளை போன்ற நீர்ப்பூச்சிகளைப் போல. மேஃப்ளை குஞ்சாகக் கற்களுக்கு அடியில் மாதக்கணக்கில் வாழ்ந்து, சிறகு முளைத்து மேலே வந்தபின் உண்ணக்கூட வாயில்லாமல் சில மணி நேரமோ ஓரிரு நாளோதான் இருக்கும். ட்ரவுட் தன் சாப்பாட்டில் பெரும்பகுதியை நீருக்குள்ளேதான் எடுக்கிறது, ஆகையால் மிதக்கிற பூச்சிகளோடு, குஞ்சு வடிவத்தில் அமிழ்கிற பூச்சிகளும் பெட்டியில் இருக்கட்டும்.

இனி, ஏன் மலைக்குத்தான் போக வேண்டும்? மகாவலி 335 கிலோமீற்றர் ஓடி எங்கள் கொட்டியாரக் குடாவில்தானே கடலில் விழுகிறது, நுவரெலியாப் பக்கத்து மலை உச்சியில் இருக்கிற ஹோட்டன் சமவெளியில் ஊறும் நீரில் ஒரு பங்கு மகாவலி வழியாக இங்கேதானே வருகிறது, அப்படியென்றால் அந்த மீன் மட்டும் ஏன் வழியில் இறங்கி வருவதில்லை? இந்தக் கேள்வி என்னைப் பல நாள் பிடித்து வைத்திருந்தது.

குளிர்ந்த நீரில் ஒட்சிசன் அதிகம் கரையும், சூடான நீரில் குறைவு என்பது எல்லோரும் சொல்கிற பதில். மத்தியான வெயிலில் திறந்த சோடாப் போத்தல் எவ்வளவு சீக்கிரம் வாயு இழக்கிறது என்பதைப் பார்த்திருப்பீர்கள், அதே விதிதான். கடல்மட்டத்தில் 14 பாகை நீர் ஒரு லீற்றருக்கு 10.3 மில்லிகிராம் ஒட்சிசனைப் பிடித்துவைக்கும், எங்கள் ஊரின் 29 பாகை நன்னீர் 7.7 மில்லிகிராம்தான். ஆனால் இந்தப் பதிலில் ஒரு ஓட்டை இருக்கிறது. ஹோட்டன் சமவெளி 2,100 மீற்றர் உயரத்தில் இருக்கிறது, அங்கே காற்றழுத்தம் இங்கே இருப்பதில் முக்கால் பங்குக்குச் சற்று மேல். அழுத்தம் குறைந்தால் கரைவதும் குறையும். கணக்குப் போட்டால் அந்த 10.3 சுமார் 8க்கு இறங்கிவிடுகிறது. குளிர் கொடுத்ததை உயரம் திருப்பி வாங்கிவிட்டது! 8க்கும் 7.7க்கும் இடையில் ஒரு மீனின் உயிர் தங்கியிருக்க முடியுமா?

விடை வரவில் இல்லை, செலவில் இருக்கிறது. மீன் குளிர்குருதிப் பிராணி, நீர் சூடானால் அதன் உடலும் சூடாகும், உடல் சூடானால் உள்ளே எல்லா வேலையும் வேகமெடுக்கும். பொதுவாக ஒவ்வொரு 10 பாகைக்கும் ஒட்சிசன் தேவை கிட்டத்தட்ட இரட்டிக்கும். 14 பாகையில் ஒரு பங்கு கேட்கிற உடல் 29 பாகையில் இரண்டரை பங்குக்கு மேல் கேட்கும், ஆனால் நீரில் இருப்பது அதே அளவுதான். வருமானம் கூடாமல் வீட்டுச் செலவு மட்டும் மும்மடங்கை நெருங்கினால் என்ன ஆகுமோ அதுதான். ட்ரவுட்டுக்கு 10 முதல் 16 பாகைவரை சுகம், 20ஐத் தாண்டினால் திணறும், 25ஐ ஒட்டினால் அதிக நேரம் தாங்காது. மலையில் ஒரு கிலோமீற்றர் ஏறினால் வெப்பம் சுமார் 6.5 பாகை குறையும் என்ற பொது விதியை வைத்து, திருகோணமலையின் 28இல் இருந்து 2,100 மீற்றருக்குக் கழித்தால் 14 வருகிறது. ஆற்றங்கரைக்கே போகாமல், எந்த உயரத்தில் தேட வேண்டும் என்பதை இந்த ஒரு கழித்தல் சொல்லிவிடும்.

அந்த மீன் நம்முடையதும் இல்லை. 1880களில் பிரித்தானியர் முட்டைகளைக் கப்பலில் கொண்டுவந்து மலை ஓடைகளில் விட்டார்கள். பழுப்பு ட்ரவுட் நிலைக்கவில்லை, பிறகு வந்த வட அமெரிக்காவின் வானவில் ட்ரவுட் தங்கிவிட்டது. உலகின் மிக மோசமான நூறு அந்நிய ஆக்கிரமிப்பு இனங்களின் பட்டியலில் இந்த மீனின் பெயரும் இருக்கிறது. பிடித்ததை வாளியில் போட்டுக் கொண்டுபோய் இன்னொரு ஓடையில் விடுகிற எண்ணம் யாருக்கும் வரவே கூடாது. ஹோட்டன் சமவெளி தேசியப் பூங்கா. அங்கே மட்டும் என்றில்லை, எந்த மலை ஓடையானாலும், பொறுப்பானவர்களிடம் முன்கூட்டியே எழுத்தில் அனுமதி வாங்காமல் தடியைப் பூட்டாதீர்கள்.

ஆற்றில் மீன் எங்கே நிற்கும் என்பதைப் படிக்கக் கந்தளாய் வாய்க்கால் போதும். ஒரு மதகுத் தூணுக்கு மேல்பக்கம் பத்து வைக்கோல் துண்டுகளைப் போடுங்கள். சில நடு நீரில் விரைந்து போகும், சில தூணுக்குப் பின்னால் சுழன்று அப்படியே நிற்கும், இரண்டுக்கும் நடுவில் ஒரு மடிப்பு மாதிரிக் கோடு தெரியும். மலையாற்றில் தூணுக்குப் பதில் பாறை. மீன் நிற்பது அந்த மடிப்பின் மெதுவான பக்கத்தில், மூக்கை மேல்நீருக்குக் காட்டிக்கொண்டு. அங்கே நின்றால் நீந்தும் செலவு குறைவு, ஒரு சாண் தள்ளி ஓடுகிற நீரோ சாப்பாட்டைச் சுமந்து வருகிறது, தலையை நீட்டி எடுத்துக்கொண்டு திரும்பவும் மெதுநீருக்குள் வந்துவிடலாம். நுரை எந்த வழியாகப் போகிறதோ அந்த வழியாகத்தான் பூச்சியும் போகும்.

அப்புறம் வருவதுதான் பழக எல்லாவற்றிலும் கஷ்டமானது. நீங்கள் ஒரு கரையில், மீன் அக்கரை மடிப்பில், நடுவில் வேகமான நீர். பூச்சி மெதுநீரில் அழகாக விழுந்தது. ஆனால் கயிற்றின் நடுப்பகுதி வேகமான நீரில் கிடக்கிறது, அது கீழே ஓடி வில்லாக வளைந்து, இரண்டு மூன்று வினாடியில் பூச்சியை இழுக்கத் தொடங்கும். பூச்சிக்குப் பின்னால் V வடிவில் ஒரு கோடு விழும். உயிருள்ள பூச்சி பெரும்பாலும் நீரோடு நீராகத்தான் போகும், தானாகக் குறுக்கே ஓடாது. அந்தக் கோட்டைப் பார்த்த ட்ரவுட் திரும்பிவிடும். இதற்கு மருந்து, கயிறு விழுந்த உடனே தடி நுனியால் கயிற்றின் நடுப்பகுதியை மட்டும் தூக்கி மேல்நீர்ப் பக்கம் மடித்துப் போடுவது. அந்த மடிப்பை ஆறு குலைத்து முடிக்கும்வரை பூச்சிக்கு நாலைந்து வினாடி சுதந்திரம் கிடைக்கும். முதல் பயணத்தில் என்னோடு வந்த பெரியவர் கரைவலைக்காரர், எறியத் தெரியாது, ஆனால் நீரோட்டம் கயிற்றை என்ன செய்யும் என்பதை வாழ்நாள் முழுக்கப் பார்த்தவர். “தம்பி, கயித்தின்ர வயித்தைப் பாருங்கோ, பூச்சியைப் பாக்காதேங்கோ” என்றார். அன்று நான் கேட்டதில் மிகச் சரியான பாடம் அதுதான்.

மீன் உங்களைப் பார்ப்பதிலும் கணக்கு இருக்கிறது. நீருக்குள் நுழையும் ஒளி முறிவதால், கீழிருந்து பார்க்கும் மீனுக்கு வெளியுலகம் முழுவதும் தலைக்கு மேலே ஒரு வட்டச் சன்னலுக்குள் சுருங்கிவிடும், அதைச் சுற்றி ஆற்றின் அடி கண்ணாடியில் போலத் தெரியும். 60 சென்ரிமீற்றர் ஆழத்தில் நிற்கும் மீனுக்கு அந்தச் சன்னல் கிட்டத்தட்ட 136 சென்ரிமீற்றர் அகலம். தரையை ஒட்டி இருப்பவை சன்னலின் விளிம்பில் நசுங்கிப்போய்த் தெரியும். ஆகவே குனிந்து, முடிந்தால் முழங்காலில், கீழ்நீர்ப் பக்கமிருந்து நெருங்குங்கள். காலடி அதிர்வையும் மீனின் உடலின் இரு பக்கமும் ஓடுகிற பக்கக்கோட்டு உறுப்பு உணரும், கல் மேல் கல் இடறாமல் நடக்க வேண்டும்.

எப்போது போவது? மே முதல் செப்ரெம்பர்வரை தென்மேல் பருவமழை மலையின் மேற்குச் சரிவுகளில் கொட்டும், ஆறு கலங்கிப் பெருகும். வருடக் கடைசியில் எங்கள் பக்கத்து வடகீழ் மழை. பெப்ரவரி முதல் ஏப்ரல் நடுப்பகுதிவரைதான் நீர் தெளிந்து தணிந்திருக்கும். ஹபரணை, தம்புள்ளை, மாத்தளை, கண்டி வழியாக 250 கிலோமீற்றருக்கு மேல் ஓட வேண்டும், விடியமுதல் புறப்பட்டாலும் அன்றைக்கே மீன் பிடிக்க முடியும் என்று நினைக்காதீர்கள். முதல் நாள் பின்னேரம் ஆற்றோரமாகச் சும்மா நடந்து பாருங்கள், தடியை மறுநாள் எடுங்கள். இரவில் கம்பளிச் சட்டை இல்லாமல் எங்களால் தாங்க முடியாது. ஓடைக்கு எட்டடித் தடி, 4 அல்லது 5ஆம் இலக்கக் கயிறு, நுனியில் 0.15 மில்லிமீற்றர் தங்கூசி, இவ்வளவு போதும். வெயில் நீரில் விழுந்து கொஞ்சம் சூடேறும் ஒன்பது பத்து மணிக்குத்தான் பூச்சிகள் எழும்பத் தொடங்கும், அதுவரை தேத்தண்ணி குடிக்க நேரமிருக்கிறது.

நீரில் இறங்கினால் முழங்காலுக்கு மேல் போகாதீர்கள். நீரின் வேகம் இரட்டித்தால் காலைத் தள்ளும் விசை நான்கு மடங்காகும், கடலில் நீந்தத் தெரிந்த தைரியம் அங்கே உதவாது. மேலே மலையில் கறுத்தால், உங்கள் தலைக்கு மேல் வெயில் எரிந்தாலும், கரையேறிவிடுங்கள்.

ஒரு வெப்பமானியை நூலில் கட்டிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். பெரியவரோடு போன அந்த முதல் பயணத்தில் காலையில் 13 காட்டியது. முள்ளின் நுனிக்குப் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் எதிர்முள்ளைக் குறட்டால் நசுக்கியிருந்தோம், கையை நனைத்துத்தான் தொட்டோம், உலர்ந்த கை மீனின் மேலுள்ள வழுவழுப்பை உரித்துவிடும், அந்த வழுவழுப்புத்தான் நோய்க்கு அதன் கவசம். பெரியவர் மீனை நீருக்கு வெளியே எடுக்கவேயில்லை, மேல்நீரைப் பார்க்கத் தலையைத் திருப்பி, வயிற்றுக்குக் கீழே உள்ளங்கையை வைத்து, செவுள் திறந்து மூடுவதை எண்ணிக்கொண்டிருந்தார், இருபதைத் தாண்டியபோது வால் ஒருமுறை அடித்தது, போய்விட்டது. மத்தியானம் இரண்டு மணிக்கு வெப்பமானி 19 காட்டியது. தடியைக் கழற்றிக் கட்டினோம்.