பால் திரிவதும் ஆல்புமின் பிரிவதும்

ரத்தத்தைப் பையில் பிடித்து சென்ட்ரிஃப்யூஜில் சுற்றவிட்டால் அணுக்கள் எல்லாம் அடியில் இறங்கிவிடும். மேலே தெளிந்து நிற்கும் வைக்கோல் நிறத் திரவம்தான் பிளாஸ்மா. ஒரு லிட்டர் பிளாஸ்மாவில் ஏறத்தாழ 70 கிராம் புரதம் கரைந்திருக்கிறது. அதில் 40 கிராம் அளவுக்கு ஆல்புமின் ஒன்றே இருக்கும். கிருமிகளை எதிர்க்கும் இம்யூனோகுளோபுலின் ஜி சுமார் 10 கிராம். ரத்தம் உறையத் தேவையான ஃபைப்ரினோஜன் 3 கிராம். ரத்தம் சரியாக உறையாத நோயான ஹீமோஃபீலியா உள்ளவர்களின் உயிர்நாடி, ஃபேக்டர் 8 என்ற உறைதல் புரதம். அது ஒரு மில்லிகிராம்கூடத் தேறாது. இன்னும் நூற்றுக்கணக்கான புரதங்கள் இவற்றோடு கலந்து கிடக்கின்றன.

இதில் வேண்டியதை மட்டும் எப்படி எடுப்பது? பல புரதங்களின் அளவு ஒன்றுக்கொன்று கிட்டத்தட்ட இருப்பதால் சல்லடை வைத்துச் சலித்துவிட முடியாது. காய்ச்சிப் பிரிக்கலாம் என்றால் முட்டை வெந்த கதையாகிவிடும். வெந்த புரதம் எந்த வேலையும் செய்யாது.

வழி நம் அடுப்படியிலேயே இருக்கிறது. பாலில் எலுமிச்சம்பழம் பிழிந்தால் திரிகிறதே, அதேதான். பாலில் உள்ள கேசின் என்ற புரதத்தின் துகள்கள் எதிர்மின்னேற்றத்தோடு மிதக்கின்றன. எல்லாம் ஒரே மின்னேற்றம் என்பதால் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு, ஒட்டாமல் இருக்கின்றன. புளிப்பு ஏற ஏற அந்த மின்னேற்றம் குறைகிறது. புளிப்பை அளக்கும் பிஎச் (எண் குறையக் குறையப் புளிப்பு கூடும்) 4.6 வந்ததும் நேர்மின்னும் எதிர்மின்னும் சரிக்குச் சரியாகி, தள்ளுவதற்கு ஒன்றும் மிஞ்சாமல் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. தயிர் உறைவதும் இதனால்தான், புளிப்பைத் தருவது மட்டும் பாக்டீரியா. ஒவ்வொரு புரதத்துக்கும் இப்படி ஒரு சமமின் புள்ளி உண்டு. அந்தப் புள்ளியில் அது தண்ணீரில் கரைய மிகவும் தயங்கும். ஆல்புமினுக்கு அந்த இடம் பிஎச் 4.8-ஐ ஒட்டி, அதாவது கேசினுக்குப் பக்கத்து வீடு.

ஆனால் பிளாஸ்மாவில் எலுமிச்சை பிழிந்தால் மட்டும் ஆல்புமின் இறங்கிவிடாது. அது தண்ணீரை அவ்வளவு விரும்பும் புரதம். இன்னொரு நெருக்கடியும் கொடுக்க வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டு வேதியியலாளர்கள் உப்பைக் கொட்டினார்கள். அம்மோனியம் சல்ஃபேட் ஏராளமாகக் கரையும்போது தண்ணீர் மூலக்கூறுகள் உப்பைக் கவனிக்கப் போய்விடுகின்றன. புரதம் கைவிடப்பட்டு வீழ்படிவாகிறது. ஆய்வகத்துக்கு நல்ல முறைதான். மருந்தாக ஏற்ற வேண்டும் என்றால் அத்தனை உப்பையும் பிறகு வெளியேற்றியாக வேண்டும், அது பெரும்பாடு.

ஹார்வர்டு மருத்துவக் கல்லூரியில் இருந்த எட்வின் கோன் உப்புக்குப் பதிலாக எத்தனாலை எடுத்தார். வேலை முடிந்ததும் குறைந்த அழுத்தத்தில் உறையவைத்து உலர்த்தினால் எத்தனால் ஆவியாகிப் போய்விடும். 1940இல், போர்க்களத்தில் ரத்தம் இழந்தவர்களுக்கு எளிதில் கொண்டுபோகக்கூடிய மாற்று ஒன்று வேண்டும் என்று அமெரிக்க ராணுவம் தேடிக்கொண்டிருந்தது. நாளங்களுக்குள் தண்ணீரைப் பிடித்துவைக்கும் வேலையைப் பெரும்பாலும் ஆல்புமின்தான் செய்கிறது. 25 கிராம் ஆல்புமினை 100 மில்லியில் கரைத்து ஏற்றினால், அரை லிட்டர் பிளாஸ்மா ஏற்றியதற்கு ஈடாக அது நீரை ரத்தத்துக்குள் இழுத்துக்கொள்ளும். 1941 டிசம்பரில் பேர்ல் ஹார்பர் தாக்கப்பட்டபோது, கோனின் கூடத்திலிருந்து வந்த ஆல்புமின் அங்கே தீக்காயம் பட்டவர்களுக்கு ஏற்றப்பட்டது.

கோன் பிடித்து ஆட்டிய கயிறுகள் ஐந்து: எத்தனால் அளவு, பிஎச், வெப்பநிலை, உப்பு, புரதச் செறிவு. எத்தனால் ஏன் வேலை செய்கிறது? தண்ணீர், மின்னேற்றங்களுக்கு நடுவே ஒரு திரை போல நிற்கும். எத்தனால் கலந்தால் திரை மெலிகிறது. ஒரு புரதத்தின் நேர்மின் பக்கம் அடுத்ததன் எதிர்மின் பக்கத்தைச் சுலபமாக இழுத்துக்கொள்கிறது. ஆனால் எத்தனால் முரட்டு ஆள். முட்டை வெள்ளைக்கருவில் ஊற்றிப் பாருங்கள், அடுப்பில்லாமலே வெந்தது போல வெளுத்துவிடும். அதைத் தடுக்கத்தான் குளிர். கலவையில் எத்தனால் இருப்பதால் பூஜ்யத்துக்குக் கீழே போனாலும் உறையாது. அந்த வசதியில் கோன் எல்லாவற்றையும் மைனஸ் 5 டிகிரி அளவில் வைத்துக்கொண்டார்.

1946இல் வெளியான அவருடைய ஆறாம் முறை இன்றும் பாடமாக இருக்கிறது. 8 சதவீத எத்தனால், பிஎச் 7.2: ஃபைப்ரினோஜன் இறங்குகிறது. எத்தனால் 25, பிஎச் 6.9: ஆன்டிபாடிகள், அதாவது இம்யூனோகுளோபுலின்கள், இறங்குகின்றன. அடுத்து எத்தனாலைக் கூட்டுவார் என்று நினைப்போம். மனிதர் 18-க்குக் குறைத்து, பிஎச்சை 5.2-க்குத் தள்ளி இன்னொரு குளோபுலின் கூட்டத்தை வெளியேற்றுகிறார். பிறகு எத்தனால் 40, பிஎச் 5.8. இப்போது தொட்டியில் பெரும்பாலும் ஆல்புமின்தான் மிச்சம். இங்கே நடப்பதுதான் எனக்கு ரொம்பப் பிடித்த கட்டம். எத்தனால் அதே 40, குளிர் அதே மைனஸ் 5. மாறுவது ஒன்றே ஒன்று, பிஎச் 5.8-இலிருந்து 4.8-க்கு வருகிறது. அவ்வளவுதான், இதுவரை எதற்கும் அசையாமல் நின்ற ஆல்புமின் மொத்தமாக வெள்ளைப் பசையாகத் திரண்டு இறங்குகிறது. அடுப்படியில் பால் திரிந்த அதே கணக்கு. ஐந்தாவதாக வந்த இந்தப் பகுதியை ஆய்வகக்காரர்கள் இன்றுவரை ‘ஃப்ராக்‌ஷன் ஃபைவ்’ என்றே சொல்கிறார்கள்.

ஃபேக்டர் 8-க்கு இப்படி ஒரு தொழிற்சாலையே தேவைப்படவில்லை. ஸ்டான்ஃபோர்டில் ஜூடித் கிரஹாம் பூல் 1964இல் அறிவித்த முறைக்கு ஒரு ஃபிரிட்ஜும் சென்ட்ரிஃப்யூஜும் போதும். கல்லாக உறைந்த பிளாஸ்மாப் பையை 4 டிகிரியில் மெதுவாக இளகவிட வேண்டும். திரவம் தெளிந்த பிறகும் வெண்மையான திரிகள் கரையாமல் கிடக்கும். அந்தத் திரிகளில்தான் ஃபேக்டர் 8-உம் ஃபைப்ரினோஜனும் ஒதுங்கியிருக்கின்றன. அதுவரை ஒரு ரத்தக் கசிவை நிறுத்தப் பை பையாகப் பிளாஸ்மா ஏற்ற வேண்டியிருந்தது. இப்போது சில கரண்டி அளவு போதும் என்றானது. ரத்த வங்கிகளில் ‘கிரையோ’ என்று எழுதிக் கொடுப்பது இதைத்தான்.

ஆயிரக்கணக்கானவர்களின் பிளாஸ்மாவை ஒன்றாகக் கொட்டித்தான் பெரிய அளவில் மருந்து தயாரிக்கிறார்கள். ஒருவர் ரத்தத்தில் வைரஸ் இருந்தாலும் மொத்தத் தொட்டியும் கெடும். ஆல்புமின் இதில் தப்பித்தது. 60 டிகிரியில் 10 மணி நேரம் சூடாக்கினாலும் அது வேகாது. காரணம், அதனோடு சேர்க்கும் கேப்ரிலேட். உடம்பில் கொழுப்பமிலங்களைச் சுமப்பது ஆல்புமினின் பிழைப்பு; கேப்ரிலேட்டும் ஒரு கொழுப்பமில உப்பு. சுமை ஏறிய ஆல்புமின் இறுகி நிற்கும், சூட்டில் எளிதில் அவிழாது. ஃபேக்டர் 8-ஐ அப்படிக் காய்ச்ச முடியாது என்றே நெடுநாள் விட்டுவிட்டார்கள். விளைவு, 1980களின் நடுவில் அமெரிக்காவில் ஹீமோஃபீலியா உள்ளவர்களில் சுமார் பாதிப்பேருக்கு எச்ஐவி தொற்றியிருந்தது. தூளாக உலர்த்திச் சூடாக்குவது, கரைப்பானும் சோப்புத்தன்மையுள்ள டிடர்ஜெண்டும் சேர்த்து வைரஸின் கொழுப்பு உறையைக் கழற்றுவது எல்லாம் அதற்குப் பிறகுதான் வழக்கத்துக்கு வந்தன. கொழுப்பு உறையே இல்லாத வைரஸ்களை டிடர்ஜெண்ட் ஒன்றும் செய்யாது. அவற்றைப் பிடிக்க 20 நானோமீட்டர் துளை கொண்ட வடிகட்டிகள் உண்டு.

மணிகள் நிரப்பிய உருளையில் புரதங்களை ஒட்டவைத்துப் பிரிக்கும் குரோமட்டோகிராஃபி வந்து கோன் முறையை ஓரங்கட்டிவிட்டது என்று சிலர் எழுதுகிறார்கள். அது சரியில்லை. இன்றைய ஆலை ஒன்றின் வரிசையைப் பாருங்கள். முதலில் பிளாஸ்மாவை இளக்கி கிரையோவை எடுக்கிறார்கள். மிச்சத் திரவத்தை, நேர்மின்னேற்றம் கொண்ட ரெசின் மணிகள் நிரப்பிய உருளையில் விட்டு, ஒட்டிக்கொள்ளும் ஃபேக்டர் 9 என்ற இன்னொரு உறைதல் புரதத்தைப் பிடிக்கிறார்கள். அடுத்த உருளையின் மணிகளில் ஹெப்பாரின் கட்டப்பட்டிருக்கும். ரத்தம் உறையாமல் தடுக்கக் கொடுக்கும் அதே ஹெப்பாரின்தான், உடம்பில் ஆன்டித்ராம்பின் என்ற உறைதல் தடுப்புப் புரதத்தைப் பிடித்துக்கொண்டுதான் அது வேலை செய்கிறது. மணியில் கட்டிவைத்தாலும் அந்தப் பழக்கம் போகாது. கூட்டத்தில் ஆன்டித்ராம்பினை மட்டும் நிறுத்திவைக்கும். பிறகு உப்புக்கரைசல் ஊற்றிக் கழற்றிக்கொள்ள வேண்டியதுதான். இதெல்லாம் முடிந்த பிறகு, பல ஆலைகளில் மிச்சத் திரவம் போவது கோனின் குளிர்ந்த எத்தனால் தொட்டிக்கே.

மாறியது எதற்காகப் பிளாஸ்மாவைப் பிரிக்கிறோம் என்பதுதான். கோனுக்கு ஆல்புமின் முக்கியம், ஆன்டிபாடி பகுதி கூடவே வந்தது. 1952இல் ஆக்டன் புரூட்டன் என்ற ராணுவ மருத்துவர், திரும்பத் திரும்பத் தொற்று வந்த எட்டு வயதுச் சிறுவனின் ரத்தத்தை மின்புலத்தில் பிரித்துப் பார்த்தார். ஆன்டிபாடிகள் வர வேண்டிய இடம் காலியாக இருந்தது. அந்தப் பகுதியை மாதாமாதம் ஊசியாகப் போட்டதும் தொற்றுகள் நின்றன. நாளத்தில் நேரடியாக ஏற்றினால் மட்டும், தயாரிப்பில் ஒட்டிக்கொண்ட ஆன்டிபாடிக் கொத்துகள் ஆபத்தான எதிர்வினையைக் கிளப்பின. அந்தக் கொத்துகளை நீக்கக் கற்றுக்கொண்ட பிறகு நிலைமை தலைகீழானது. இப்போது ஒரு லிட்டர் பிளாஸ்மாவிலிருந்து கிடைக்கும் நான்கைந்து கிராம் இம்யூனோகுளோபுலினை வைத்துத்தான் ஆலைகள் எவ்வளவு பிளாஸ்மா வேண்டும் என்று கணக்குப் போடுகின்றன. கோன் தேடிய ஆல்புமின் கூடவே வருகிறது.